கொட்டாத வம்சம்

செங்கல்பட்டு வட்டாரத் தேனீ வளர்ப்போர் நலச் சங்கத்தில் 1975-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நாற்பத்தொரு உறுப்பினர்கள் இருந்தார்கள். அவர்களில் தேனீயைக் கையால் தொட்டவர் ஒருவரும் இல்லை. தொட்டவள் ஒருத்தி இருந்தாள். அவள் உறுப்பினர் இல்லை.

அவள் பெயர் சந்திரம்மா. திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையோரம் ஒரு முந்திரித் தோப்பில் சங்கத்தின் பொதுப் பண்ணை இருந்தது. முப்பத்திரண்டு பெட்டிகள். எறும்பு ஏறாமலிருக்க ஒவ்வொரு பெட்டியின் காலுக்கடியிலும் தண்ணீர்க் கிண்ணம். அந்தக் கிண்ணங்களில் தினமும் தண்ணீர் ஊற்றத்தான் பக்கத்துக் காலனியிலிருந்து அவளை வேலைக்கு வைத்தார்கள். மற்ற வேலைகளெல்லாம் பிறகு அவளிடம் தாமாக வந்து சேர்ந்தன.

சங்கத் தலைவர் ராஜாராம், ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். பெங்களூரிலிருந்து வரவழைத்த முகவலையை அவர் தோப்பின் வாசலிலேயே அணிந்துகொள்வார். செங்கல்பட்டு திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் கழற்றுவார். காரணம் இருந்தது. பண்ணைத் திறப்பு விழாவன்று, "தேனீ நம் தோழன்" என்று அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தோழன் ஒருவன் வந்து இடது கண்ணிமையில் கொட்டிவிட்டான். நடவடிக்கைக் குறிப்பில் செயலாளர் வாசுதேவன் அதை, "தலைவர் உணர்ச்சிவசப்பட்டமையால் உரை பாதியில் நின்றது" என்று பதிவு செய்தார். வாசுதேவன் முன்னாளில் பத்திர எழுத்தர். தும்மலுக்குக்கூடத் தீர்மானம் எழுதத் தெரிந்தவர்.

ராணித் தேனீ வளர்க்கும் கலையைச் சொல்லித்தர வெளியூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். பதினைந்து நாள் கரும்பலகையில் பாடம். உறுப்பினர்கள் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டார்கள். சந்திரம்மா ஓரத்தில், ஈக்களைச் சாந்தப்படுத்தும் புகைமூட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசி நாள், "யார் வந்து புழு மாற்றிக் காட்டுகிறீர்கள்?" என்று அவர் கேட்டபோது உறுப்பினர்கள் அனைவருக்கும் ஊரில் அவசர வேலை இருப்பது நினைவுக்கு வந்தது. மிஞ்சியவள் சந்திரம்மாதான்.

முட்டையிலிருந்து வெளிவந்து ஒரு நாள் ஆன புழு, கால்புள்ளி அளவுதான் இருக்கும். கோழி இறகின் தண்டை மெல்லியதாகச் சீவி, அந்தக் கால்புள்ளியை நோகாமல் எடுத்து, மெழுகில் செய்த சிறு குப்பியில் விட வேண்டும். குப்பிகளை ராணி இல்லாத பெட்டியில் தலைகீழாகத் தொங்கவிட்டால், அந்தப் பெட்டியின் ஈக்கள் தாயில்லாத தவிப்பில் புழுவுக்கு விசேஷப் பால் ஊட்டி ராணியாக்கிவிடும். முதல் முயற்சியிலேயே சந்திரம்மாவின் குப்பிகளில் பாதிக்குமேல் பிழைத்தன. பயிற்சியாளர், "இந்தம்மா கை நடுங்காத கை" என்றார். "என் மேற்பார்வை" என்றார் தலைவர்.

அந்த மாதச் செயற்குழுவில் பதினான்காம் தீர்மானம் நிறைவேறியது: "பண்ணைக் காவலாளி சந்திரம்மாள், ஒன்றாம் எண் பெட்டியின் வம்சவழியில் பத்து ராணிகளை உருவாக்கி, பத்தும் முட்டையிடுமாயின், அவருக்கு உறுப்பினர் எண்ணும் இரண்டு பெட்டிகளும் வழங்கப்படும்."

உறுப்பினர் எண் என்றால் லேசான காரியமில்லை. சந்திரம்மா வீட்டுக் கொல்லையில் மூன்று மண்பானைகளில் சொந்தமாகத் தேனீ வைத்திருந்தாள். நல்ல தேன். ஆனால் காலனித் தேனைக் கடையில் கொண்டுபோனால் வெல்லப்பாகு என்பார்கள். அதே தேன் சங்கத்து எண் ஒட்டிய புட்டியில் போனால் மருந்து என்று பெயராகி, மூன்று பங்கு விலை போகும். இந்த மாயம் அவளுக்குத் தெரியும். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அவள் மனசில் ஓடியது அந்த எண்தான்.

ஒன்றாம் எண் பெட்டி தலைவரின் உயிர். மேற்கு மலையிலிருந்து அவரே பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்கு டிக்கெட் வாங்கிக் கொண்டுவந்தது. கறுத்த மலை ஈக்கள். பெட்டியின் மேல் 'இராஜமாதா' என்று எழுதிய பலகை. அதன் எதிரில் அவர் செருப்புப் போட்டு நிற்பதில்லை.

மாசி பிறப்பதற்குள் பத்து ராணிகள் பிறந்து, பத்துச் சிறு பெட்டிகளில் தனித்தனியே நடமாடின. தலைவர் முகவலையோடு வந்து, பத்தடி தள்ளி நின்று பார்த்தார்.

"எப்போ முட்டை வைக்கும்?"

"இன்னும் வெளிய போய்ட்டு வர்ல சார். போய்ட்டு வந்து மூணு நாலு நாள்ல வெக்கும்."

"வெளியவா? எங்க?"

"மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல வெயில்ல பறந்து போவும் சார். மேல ஆம்பள ஈங்க கூட்டமா சுத்திகினு கீதுங்க இல்ல, அதுங்களாண்ட."

தலைவரின் முகம் வலைக்குள் மாறியது. "எந்த ஆண் ஈ?"

"எதுனா இன்னா சார்? பனமரத்துப் பொந்துல கீறது, பாறை இடுக்குல கீறது, எங்க காலனிப் பானைல கீறது, எல்லாம் வரும்."

"ஒரு ஆண்தானே?"

சந்திரம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். பெரியவரிடம் இதை எப்படிச் சொல்வது. "பத்து பாஞ்சு ஆவும் சார்."

தலைவர் நடந்துபோய் சாலையில் நின்றார். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

மறுநாளே அவசரச் செயற்குழு. இராஜமாதாவின் புத்திரிகள் காலனிப் பானை ஆண்களோடு ஆகாயத்தில் கூடுவதா என்று தலைவர் கேட்டார். வெளியே போக விடாமல் பத்துப் பெட்டி வாசலிலும் துளைத் தகடு அடிப்பது என்று முடிவாயிற்று. சின்ன உடம்புள்ள வேலைக்கார ஈ அந்தத் துளையில் நுழைந்து போய்வரும். பருத்த ராணியால் முடியாது. மாப்பிள்ளைகளுக்காக ஒன்றாம் எண் பெட்டியிலிருந்தே ஆண் ஈக்களைப் பிடித்துப் பெட்டிக்குப் பத்தாக உள்ளே விடுவது. முகூர்த்தம் ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பத்தரை.

செங்கல்பட்டு கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த அப்துல் கையூம் பாய் அந்தக் குழுவில் இருந்தார். உறுப்பினர்களில் தேன் விற்றவர் அவர் ஒருவர்தான்.

"தலைவரே, ஒரு சந்தேகம். பொண்ணுங்க ஒண்ணாம் நம்பர் பொட்டி. மாப்பிள்ளைங்களும் ஒண்ணாம் நம்பர் பொட்டி. அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் இல்ல கண்ணாலம் பண்றீங்கோ?"

"இராஜ வம்சங்களில் அது உண்டு பாய்," என்றார் தலைவர்.

"எகிப்தில் இருந்தது," என்றார் வாசுதேவன், எழுதிக்கொண்டே.

"எகிப்துல இப்ப அந்த வம்சம் இன்னா பண்ணிகினு கீது?" என்று பாய் கேட்டதை வாசுதேவன் எழுதவில்லை.

சந்திரம்மா தோப்பில் தலைவரின் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். "சார், பொட்டிக்குள்ள சேராது சார். பறந்தாத்தான் சேரும். அடைச்சி வெச்சா ராணி கெட்டுப்பூடும் சார்."

"இதைத்தான் எங்க வீட்டுப் பொண்ணுங்களைப் பத்தியும் ஊர்ல சொன்னாங்க. கெட்டா போயிட்டாங்க?"

சந்திரம்மா ஆணியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு வந்து பத்து வாசலிலும் தகடு அடித்தாள். அடிக்கச் சொன்னவர் பத்தடி தள்ளி நின்றிருந்தார்.

உள்ளே விட்ட மாப்பிள்ளைகளை அந்தப் பெட்டிகளின் வேலைக்கார ஈக்கள் இரண்டு நாளில் கடித்துத் துரத்தின. துளையில் நுழைய முடியாமல் அந்தப் பருத்த மாப்பிள்ளைகள் வாசலிலேயே தலை சிக்கிச் செத்தன. வாசுதேவன் இதை, "திருமணம் நிறைவுற்று மாப்பிள்ளைகள் இயற்கை எய்தினர்" என்று பதிவு செய்தார்.

ராணிகள் துளையில் முகத்தை வைத்து வைத்துப் பார்த்தன. பறக்க வேண்டிய நாட்கள் கொஞ்சந்தான். அதற்குள் பறக்காத ராணி பிறகு பறக்காது. ஆணோடு சேராமலே முட்டையும் இடும். அந்த முட்டையில் ஆண் ஈ மட்டுமே பிறக்கும். பூவுக்குப் போகத் தெரியாது, மெழுகு கட்டத் தெரியாது, கொட்டவும் கொடுக்கு கிடையாது. தின்ன மட்டும் தெரியும். சந்திரம்மா அவற்றைத் தடியனுங்க என்பாள்.

காவலுக்கு வாசுதேவனைப் போட்டிருந்தார்கள். மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை நாற்காலியில் உட்கார்ந்து பெட்டிகளைப் பார்ப்பது அவர் கடமை. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து ஏழு பெட்டிகள் தெரியும். மூன்று பெட்டிகள் ஒரு பெருத்த முந்திரி மரத்துக்குப் பின்னால் இருந்தன. எழுந்து நான்கு அடி நடந்தால் அவையும் தெரியும். தீர்மானத்தில் நடப்பது பற்றி ஒன்றும் இல்லை.

அந்த மூன்று தகடுகளை சந்திரம்மா கழற்றினாள். ஐந்து நாள், மத்தியானம் மட்டும். மூன்று ராணிகளும் வெயிலில் ஏறி மறைந்தன. மூன்றும் திரும்பி வந்தன. நான்கு மணிக்கு அவள் தகட்டை மறுபடி அடிக்கும் சத்தத்தில்தான் வாசுதேவன் விழித்துக்கொள்வார். "பலப்படுத்துறியா? பலப்படுத்து, பலப்படுத்து."

பங்குனி பாதியில் தணிக்கை. சந்திரம்மா ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து தேனடைச் சட்டத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"முட்டை இருக்கா?"

"கீது சார்."

"பத்துலயும்?"

"பத்துலயும் கீது. ஆனா ஏழுல..."

"ஆனாவெல்லாம் வேண்டாம். வாசுதேவன், பத்தும்னு எழுதுங்க."

மரத்துக்குப் பின்னால் இருந்த மூன்று பெட்டிகளைத் திறந்தபோதுதான் தலைவர் வாழ்க்கையில் முதன்முறையாகத் திறந்த பெட்டிக்கு ஐந்தடிக்குள் வந்தார். அடையில் புதிதாகப் பிறந்த ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. இராஜமாதாவின் மக்கள்போல் கறுப்பாக இல்லை. வயிற்றில் பளிச்சென்று மஞ்சள் வரி. சமவெளி ஈயின் நிறம். காலனிப் பானைகளில் இருந்த ஈக்களின் நிறம்.

சந்திரம்மா சட்டத்தை அவசரமாகப் பெட்டிக்குள் இறக்கப் போனாள்.

"வாசுதேவன்," என்றார் தலைவர். கண்ணில் நீர். "நிறத்தைப் பாருங்க."

"நிறம் கூடியிருக்கு தலைவரே."

"கூடாதா பின்னே? கலப்பு இல்லேன்னா நிறம் தானா கூடும். நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

புதிய இனத்துக்கு அங்கேயே பெயர் வைக்கப்பட்டது: 'ராஜாராம் தங்கம்'. மற்ற ஏழும் ஏன் தங்கமாகவில்லை என்று பாய் பின்னொரு நாள் கேட்டதற்கு, எல்லா வீட்டிலும் எல்லாப் பிள்ளையும் தேறுவதில்லை என்று தலைவர் பதில் சொன்னார்.

சங்கம் சொன்ன சொல் தவறவில்லை. பத்தும் முட்டையிட்டுவிட்டன, தீர்மானத்தில் எந்த முட்டை என்று இல்லை. சித்திரை முதல் நாள் சந்திரம்மாவுக்கு எண் 42 வழங்கப்பட்டது. அதோடு இரண்டு பெட்டிகள்.

"தங்கம் மூணும் சங்கத்துக்கு. மிச்சம் ஏழுல உனக்குப் பிடிச்ச ரெண்டை நீயே எடுத்துக்கோ. முழுச் சுதந்திரம்."

"சார், அந்த ஏழும் தடியன் பொட்டி சார். வேலக்கார ஈ ஒண்ணுகூடப் பொறக்காது. ஆடி வரைக்கும் தாங்காது சார்."

"உறுப்பினர் ஆனவுடனே குறை சொல்ல ஆரம்பிச்சாச்சு பாருங்க," என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு வாசுதேவன் உறுப்பினர் விதிகளை வாசித்தார். அதில் அந்த வாரம் சேர்த்த விதி ஒன்று இருந்தது. தங்க இனத்தின் தூய்மை கருதி, பண்ணையைச் சுற்றி இரண்டு மைலுக்குள் எந்த உறுப்பினரும் சங்கத்து இனம் தவிர வேறு தேனீ வைத்திருக்கக் கூடாது. இரண்டு மைலுக்குள் வசித்த உறுப்பினர் ஒருத்திதான்.

சந்திரம்மா எழுந்து நின்றாள். "சார், நம்பரு வாணாம் சார். பானைய வுட்டுடுங்க."

தலைவர் வாசுதேவனைப் பார்த்தார். வாசுதேவன் பக்கத்தைப் புரட்டினார். "விலகல் மனு கொடுத்து மூணு மாசம் கழிச்சுத்தான் விலக முடியும். அதுவரைக்கும் உறுப்பினர்தான். விதி உடனே அமல்."

அன்று சாயங்காலம் வாசுதேவன் காலனிக்கு வந்தார். கையில் மண்ணெண்ணெய் டின். கொல்லைப்பக்கம் வராமல் தெருவிலேயே நின்று டின்னை நீட்டினார். "நீயே செஞ்சுடும்மா. உன்னைத்தான் அதுங்களுக்குத் தெரியும்."

அவளைத் தெரிந்ததால்தான் அவை கலையவில்லை. பானையைத் திறந்தபோது வழக்கம்போல் அவள் விரலில் ஏறி நடந்தன. அவள் ஊற்றினாள். மூன்று பானையும் எரிந்து முடியும்வரை வாசுதேவன் தெருவில் நின்று, முடிந்ததும், "மூணும்தானே?" என்று கேட்டு டிக் அடித்துக்கொண்டு போனார்.

பரிசாக வந்த இரண்டு பெட்டிகளும் ஆனி மாதம் காலியாயின.

அந்த ஆனியில் நாட்டில் அவசரநிலை வந்தது. பேச்சைக் குறை, வேலையைப் பெருக்கு என்றார்கள். தலைவர் அதைப் பலகையில் எழுதித் தோப்பின் வாசலில் மாட்டினார். தை மாதம், மேலிடத்து அதிகாரி ஒருவர் பண்ணையைப் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. தலைவருக்கு இரண்டு நாள் காய்ச்சல் மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் பொதுக்குழுவைக் கூட்டினார். முப்பத்திரண்டு பெட்டிகளையும் தங்கமாக்குவது என்று தீர்மானம். பழைய ராணிகளை அகற்றி, தங்கத்தின் மகள்களை வைத்து, எல்லா வாசலிலும் தகடு.

"ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்."

முதலில் உயர்ந்த கை நாற்பத்திரண்டாம் எண்.

கூட்டம் முடிந்து பாய் அவளைச் சாலையில் பிடித்தார். "சந்திரம்மா, நெசத்த சொல்லு. அந்த மூணு பொட்டி எப்டி தங்கம் ஆச்சு?"

"தகட்ட நாந்தான் கயட்டி வுட்டேன் பாய்."

பாய் இடுப்பில் கைவைத்து வெகுநேரம் சிரித்தார். சிரித்து முடித்து, "சரி, இந்த தபாவும் கயட்டி வுட்டுடு. பனமரத்து ஆம்பளைங்க இன்னும் கீறாங்க இல்ல?" என்றார்.

"கீறாங்க."

"அப்புறம் இன்னா?"

"நான் மெம்பரு பாய். மெம்பரு சட்டத்த மீறலாமா?"

பாய் அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மறுநாளே வேறு ஊர்த் தேனுக்கு முன்பணம் கொடுக்க ஆள் அனுப்பினார். தலைவரிடம் அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பழைய ராணிகளை அகற்றுவது என்றால் பிடித்து இரண்டு விரலுக்கிடையில் நசுக்குவது. சந்திரம்மா ஒரே நாளில் முப்பத்தொன்றை முடித்தாள். ஒன்றாம் எண் பெட்டிக்கு முன்னால் நின்று கேட்டாள்: "இராஜமாதாவையுமா சார்?"

தலைவர் வழக்கம்போல் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். "அவங்க சர்வீஸ் முடிஞ்சுது," என்றார். "எனக்கு அம்பத்தஞ்சுல ஓய்வு கொடுத்தாங்க. யாருக்கும் சலுகை கிடையாது."

நசுக்கினாள்.

இந்த முறை புழு மாற்றியதில் ஒன்றுகூடப் பிசகவில்லை. முப்பத்திரண்டு ராணிகள் பிறந்தன. முப்பத்திரண்டு தகடுகள் அடிக்கப்பட்டன. வாசுதேவன் தன் நாற்காலியில் நிம்மதியாகத் தூங்கினார். நான்கு மணிக்கு எழுப்ப சுத்தியல் சத்தம் வராததால் ஐந்தரை வரைக்கும்கூட. ராணிகள் துளையில் முகம் வைத்துப் பார்த்த நாட்களில் சந்திரம்மா கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அவற்றைக் கடந்து போனாள். ஒரே ஒரு பெட்டியின் முன் மட்டும் ஒருமுறை நின்றாள். பிறகு அதற்கும் ஊற்றினாள்.

அதிகாரி வந்தது சித்திரைக் கடைசியில். அதற்குள் பழைய வேலைக்கார ஈக்கள் ஆயுசு முடிந்து உதிர்ந்திருந்தன. பெட்டிகள் நிறையத் தடியன்கள். பந்தல், மாலை, போட்டோ எடுப்பவர் எல்லாம் தயார். சந்திரம்மா புகைமூட்டியைக் கையில் வைத்திருந்தாள். அதில் நெருப்பில்லை.

"புகை எங்கே?" தலைவர் காதோடு கேட்டார்.

"வாணாம் சார். இதுங்க கொட்டாது."

"கொட்டாதுன்னா?"

"கையை வுட்டுப் பாருங்க சார். முகவலைகூட வாணாம்."

பொய் சொல்கிறாளோ என்று ஒரு கணம் தலைவரின் கண்ணிமை துடித்தது, இடது கண்ணிமை. அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் முகவலையைக் கழற்றினார்; கையை உள்ளே விட்டார். கொழுத்த ஈக்கள் அவர் விரலில், மணிக்கட்டில், மோதிரத்தில் ஏறி உட்கார்ந்தன. கொட்டவில்லை. அவர் கையை வெளியே எடுத்து உயரத் தூக்கினார். முழங்கைவரை தேனீ. போட்டோ எடுப்பவர் மூன்று படம் எடுத்தார். சங்கத்து உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து, பயந்து பயந்து தொட்டு, பிறகு தைரியமாகத் தொட்டு, தங்களுக்குள் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

"கொட்டாத இனம்," என்றார் தலைவர். "வெளியே சுற்றாது. கலகம் செய்யாது. உள்ளேயே அடக்கமாக இருக்கும்."

"நாட்டுக்கு இப்போது தேவை இதுதான்," என்றார் அதிகாரி. "தேன்?"

"அடுத்த கட்டம்," என்றார் வாசுதேவன்.

அதிகாரி மனம் குளிர்ந்து போனதைக் கண்ட தலைவர், அசல் தங்கங்களான அந்த மூன்று தாய்ப்பெட்டிகளையும் அவருக்கே அன்பளிப்பாக ஜீப்பில் ஏற்றச் சொன்னார். ஏற்றியவள் சந்திரம்மா. கடைசிப் பெட்டியைத் தூக்கும்போது மஞ்சள் வரி ஈ ஒன்று அவள் புறங்கையில் கொட்டியது. அவள் கொடுக்கை நகத்தால் சீவி எறிந்துவிட்டுப் பெட்டியை உள்ளே தள்ளினாள்.

வைகாசிக்குள் முப்பத்திரண்டு பெட்டியும் ஓய்ந்தன. சங்கத்துக்கு அந்த ஆண்டு கேடயம் வந்தது. தலைவரின் தூக்கிய கை சட்டம்போட்டுச் சங்க அறையில் தொங்கியது.

ஆடி மாதம் மாமல்லபுரம் போகிற வழியில் பாய் தோப்பில் இறங்கினார். ஒரு ரீங்காரம் இல்லை. சந்திரம்மா குடத்தோடு பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டிருந்தாள்.

"காலிப் பொட்டிக்கு இன்னாத்துக்குத் தண்ணி ஊத்திகினு கீற?"

"எறும்பு ஏறக் கூடாது பாய்."

"ஏறி இன்னா தின்னப் போவுது?"

"செத்ததுங்கல்லாம் உள்ளதான் கீது," என்றாள் சந்திரம்மா. "தலைவரு வந்து எண்ணி எழுதணும்னு சொல்லிக்கீறாரு."

அடுத்த கிண்ணத்துக்குக் குடத்தைச் சாய்த்தாள்.